நடுவில் தையல் ஓடிய வெள்ளை விரிப்பு

ஓய்வு பெற்ற அன்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து தந்த பார்சலை வீட்டுக்குப் போய்த்தான் பிரித்தேன். உள்ளே இரண்டு கட்டில் விரிப்புகள். இளநீலம், ஓரத்தில் பூவேலை. "மிஸ்ஸிக்கு இனியாவது நிம்மதியான நித்திரை" என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தீர்கள். யாருடைய கையெழுத்து என்று தெரியும், சொல்லமாட்டேன். விரிப்பில் சுருக்கம் இருக்கிறது, பசை போகவில்லை, இது எந்தக் கிணற்றில் தோய்த்தது என்று ஆஸ்பத்திரி வாட்டில் உங்களை நான் படுத்திய பாட்டுக்குத்தான் இந்தப் பகிடி. எனக்கு "விரிப்பு மிஸ்ஸி" என்று நீங்கள் பெயர் வைத்திருந்ததும் காதுக்கு வந்தது.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். ஊசி போடுவதையும் மருந்து கலப்பதையும் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நான் விரிப்பைப் பற்றி எழுதுகிறேன். அது நல்ல கதை அல்ல. வாசித்து முடித்தபின் என்மேல் உள்ள மதிப்புக் குறைந்தால் குறையட்டும், எனக்கு இனி எந்தப் பதவி உயர்வும் வரப்போவதில்லை.

அறுபதுகளில் நான் தீவுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். எந்தத் தீவு என்று எழுதவில்லை, எழுதினால் நாலு பேர் ஆள் தேடப் புறப்படுவார்கள். நான் வேலணைக்காரி, காணி பூமி உள்ள வீட்டுப் பிள்ளை. தாதி வேலைக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் பெரிய எதிர்ப்பு. அந்த எதிர்ப்பை வென்றுவிட்டு வந்தவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஓர் எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் கொஞ்சம் வளர்ந்த விதத்தை முதலில் சொல்லவேண்டும்.

அங்கே போன முதல் வருஷம் ஆண்கள் வாட்டில் புங்குடுதீவுப் பெரியவர் ஒருவர் தொடை முறிந்து கிடந்தார். பிள்ளைகள் கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள். அப்பா ஆஸ்பத்திரி விரிப்பில் படுப்பதா என்று பளபளவென்று ஒரு விரிப்பு வாங்கிவந்தார்கள். கையில் எடுத்தால் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். வாட்டில் எழும்பி நடக்கக்கூடிய எல்லோரும் வந்து ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் பெரியவரின் முதுகு முழுக்க வேர்க்குரு. வியர்வையை அந்தத் துணி குடிக்கவே இல்லை. போதாததற்கு மனிதர் கட்டிலில் கால்மாட்டை நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருந்தார். நான் அதை உருவி எடுத்துவிட்டு, தோய்த்துத் தோய்த்து நூல் தெரியும் ஒரு பழைய பருத்தி விரிப்பைப் போட்டேன்.

அடுத்த முறை வந்த மூத்த மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கடை ஐயாவை என்னெண்டு உந்தக் கந்தலிலை கிடத்தினனீங்கள்?" என்று சத்தம் போட்டார். நான் பதில் சொல்லமுன் பெரியவரே படுத்தபடி சொன்னார்: "தம்பி, நீர் கொண்டு வந்ததிலை நீரே போய்ப் படும். நான் உதிலைதான் கிடப்பன்."

வாட்டே சிரித்தது. எங்கள் டொக்டரும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "விரிப்பு விஷயத்திலை மிஸ்ஸியைக் கேளுங்கோ" என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினார். அந்தப் புகழ் என் தலைக்கு ஏறிவிட்டது. பெரியவர் தனக்காகத் தானே பேசக்கூடியவர், அதனால்தான் நான் தப்பினேன் என்று அன்று யோசிக்கவில்லை.

அங்கே கற்றதில் ஒன்றை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். விரிப்பை உள்ளங்கையால் தடவித் தெரிவு செய்யாதீர்கள். எங்கள் உள்ளங்கை வேலை செய்து காய்த்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. கன்னத்தில் வையுங்கள், முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில் வைத்துத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது, வெள்ளை நிறம் ஆளை ஏமாற்றும்.

இரண்டு வருஷம் கழித்து பெண்கள் வாட்டு என் பொறுப்புக்கு வந்தது. பன்னிரண்டு கட்டில். பழைய விரிப்புகளில் பாதி ஒட்டுப்போட்டவை. புது விரிப்புக் கேட்டு ஒன்றரை வருஷம் கடிதம் எழுதினேன். பதில் வராத கடிதங்களை எழுத எழுத எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது.

அந்தக் காலத்தில்தான் பூரணம் வந்தாள். நெடுந்தீவு. முப்பத்தைந்து வயதிருக்கும். மாடு தேடிப் போனவள் கல்வேலி ஒன்றில் ஏறிக் கடக்கும்போது வேலி சரிந்து அவளும் கற்களோடு விழுந்துவிட்டாள். முள்ளந்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, எலும்பு பொருந்தும்வரை கிடத்திப் பராமரியுங்கள் என்று எங்களிடம் அனுப்பினார்கள். கால் வராது. ஆனால் முதுகுத் தோல் உடையாமல் நாலைந்து மாதம் கடந்துவிட்டால் அவள் எழும்பி உட்காரலாம், வீட்டுக்குப் போகலாம். தோல் உடைந்தால் புண், புண் எலும்புக்குப் போனால் காய்ச்சல், பிறகு ஆள் இல்லை. அவளுடைய உயிர் அந்தத் தோலில்தான் இருந்தது.

அவளுக்கு அது தெரியும். அழுகிற ஆள் அல்ல. "கால் ரண்டும் போனால் போகட்டும் மிஸ்ஸி, கை கிடக்குத்தானே. கொட்டிலிலை இருத்திவிட்டால் பெட்டி இழைச்சுக்கொண்டு பிள்ளையைப் பாத்துக்கொள்ளுவன்" என்பாள். எட்டு வயதில் ஒரு மகள், தமக்கை வீட்டில் விட்டிருந்தாள். கட்டிலில் கிடந்தபடியே நெஞ்சில் ஓலையை வைத்துக்கொண்டு சின்னச் சின்னப் பெட்டி இழைத்து வாட்டில் எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்குத் தந்த பெட்டி இன்னும் இருக்கிறது, ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறேன்.

புருஷன் கணபதி மாடு வளர்க்கிறவர். கிழமைக்கு ஒருமுறை வள்ளத்தில் வருவார். ஒரு போத்தலில் நெய் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, கதிரையில் இருக்கக் கூச்சப்பட்டு நின்றபடியே மனைவியோடு கதைப்பார். சோளகக் காற்றுத் தொடங்கப்போகிறது, கடல் கொந்தளிக்கும், இனிக் கடல் விட்டால்தான் வரலாம் என்று சொன்ன அன்று அவருடைய முகம் தொங்கிப்போயிருந்தது. நான் பெரிய ஆள் மாதிரி சொன்னேன்: "நீங்கள் யோசியாமல் போங்கோ. உங்கடை மனிசியை முதுகிலை ஒரு கீறல் இல்லாமல் வள்ளத்திலை ஏத்திவிடுறது என்ரை பொறுப்பு."

"மிஸ்ஸி இருக்கிறியள் எண்ட தைரியத்திலைதான் போறன்" என்றார்.

இரண்டு மணிக்கொருமுறை புரட்டினோம். பழைய விரிப்புகளில் மெத்தென்று இருந்த ஐந்தாறைத் தெரிந்து அவளுக்கென்று ஒதுக்கினேன். இதில் எனக்கு உதவியாக இருந்தவர் எங்கள் சலவைக்காரர். கிழமையில் இரண்டு நாள் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போவார். தீவுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக் கிணறு உவர். உவர்த் தண்ணீரில் தோய்த்துக் கடற்காற்றில் காயவிட்ட துணி உப்புக் கோத்து அப்பளமாகிவிடும். பூரணத்தின் விரிப்புகளை மட்டும் அவர் இரண்டு மைல் தள்ளி இருந்த நல்ல தண்ணிக் கிணற்றுக்குக் கொண்டுபோய் அலசிவந்தார். அப்படிச் செய்யும்படி நான் சொல்லவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்து, கேட்டுத்தான் அறிந்தேன். ஆள் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் என்னை நீங்கள் என்பார். நான் அவரை ஒரு படி இறக்கி நீர் என்பேன். அன்று அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அப்போதுதான் புது விரிப்பு வந்தது. இருபத்தினாலு விரிப்பு, சாக்கில் தைத்து லொறியில் வந்து இறங்கியது. நானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டினேன். அந்தப் புதுத்துணி மணம் வாட்டு முழுக்கப் பரவியது. ஒன்றரை வருஷக் கடிதத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளியது. இரண்டு நாளில் இன்னொரு செய்தி. கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் ஒருவர் புதன்கிழமை பார்வையிட வருகிறார்.

திங்கட்கிழமை சலவைக்காரர் வந்தார். பெருமையோடு ஒரு விரிப்பை எடுத்துக் காட்டினேன். அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கி, கன்னத்தில் வைத்தார். பிறகு விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். அகலம் போதாத துணியை இரண்டாக வைத்து நடுவில் தைத்திருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை தையல் ஓடியது.

"நல்ல துணிதான் மிஸ்ஸி. நாள்ப்படப் பாவிக்கும். ஆனால் இப்ப படுக்கிறதுக்கு இல்லை. எட்டுப் பத்துத் தரம் தோய்ச்சு உந்தக் கஞ்சிப் பசை போகவேணும். தையலும் அமரவேணும்."

"பெரிய டொக்டர் புதனுக்கு வாறார்" என்றேன்.

"அப்ப எழும்பி நடக்கிற ஆக்களின்ரை கட்டிலுக்குப் போடுங்கோ. நெடுந்தீவு அம்மாவுக்குப் பழசையே விடுங்கோ. தையல் சரியா அவவின்ரை நாரிக்குக் கீழைதான் வரும்" என்று தன் இடுப்பின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தெரியாமல் செய்த பிழை அல்ல. ஆனால் பதினொரு கட்டில் வெள்ளைவெளேரென்று இருக்க ஒன்று மட்டும் பழுப்பும் ஒட்டுமாகக் கிடந்தால் வரிசை பல்லுப்போன வாய் மாதிரி இருக்கும். வாசலில் வந்து நிற்கிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும். ஒரு நாள்தானே, புதன் பின்னேரம் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சொல்லவேண்டி வந்ததே எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலை அவர்மேல் காட்டினேன்.

"நீர் தோய்க்கிற வேலையைப் பாரும். விரிக்கிற வேலையை நான் பாக்கிறன்."

அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் இன்னொரு காரியமும் செய்தேன். அலுமாரியைத் திறந்து காட்டும்போது ஒழுங்காக இருக்கவேண்டும் என்று, அதற்குள் இருந்த பழைய விரிப்பு எல்லாவற்றையும் கிழித்து நிலம் துடைக்கக் கொடுத்துவிட்டேன். கிழிக்கும்போது சத்தமே வரவில்லை, அவ்வளவுக்கு நைந்திருந்தன.

புதன் காலை பூரணத்தின் கட்டிலில் கிடந்த பழையதையும் உருவி நிலம் துடைக்கப் போட்டுவிட்டு, நானே புது விரிப்பைப் போட்டேன். நாலு மூலையும் இழுத்து மடித்துச் செருகினேன். மேளத்தோல் மாதிரி நின்றது. அவள் ஓலை இழைக்கிற விரலால் விரிப்பின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள்.

"மிஸ்ஸி, இது கோடியெல்லே."

நம்முடைய ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் காணாத புது வெள்ளைத் துணிதான் கோடி, செத்தவர்மேல் போடுகிறது.

"கோடியும் இல்லை ஒண்டும் இல்லை. புது பெட்சீற்" என்றேன்.

"உயிரோடை கிடக்கிற என்னை ஏன் கோடியிலை கிடத்துறியள்? அந்தப் பழசு மெத்தெண்டு கிடந்தது. இது அராவுது."

"உமக்குத்தான் நாரிக்குக் கீழை ஒண்டும் தெரியாதே, என்னெண்டு அராவுது?"

இதைச் சொன்னவள் நான்தான். அவள் விரிப்பின் ஓரத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப மூலையிலை கொஞ்சம் மஞ்சளாவது பூசிவிடுங்கோ மிஸ்ஸி. மஞ்சள் வைச்சால் கோடி இல்லை" என்றாள். வீட்டில் புதுச்சேலை எடுத்தால் நானும் மஞ்சள் வைத்துத்தான் உடுப்பேன். ஆனால் பெரிய டொக்டர் வரப்போகிற நேரத்தில் புது விரிப்பில் மஞ்சள் கறையா? நான் அவளுக்கு மூடநம்பிக்கை பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். படித்தவள் அல்லவா. பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளைகளே, நோயாளி தனக்குத் தெரிந்த சொல்லில்தான் பேசுவார். அவள் விரல் துணியின் முரட்டைப் பிடித்துவிட்டது, அதைச் சொல்ல அவளிடம் இருந்த சொல் கோடி. நான் அந்தச் சொல்லோடு சண்டை பிடித்து வென்றேன். துணியைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பெரிய டொக்டர் வரவில்லை. ஜீப் பழுது, வியாழன் வருவார் என்றார்கள். வியாழனும் இல்லை. வெள்ளி என்றார்கள், வெள்ளியும் இல்லை. ஒவ்வொரு நாளும் இதோ வந்துவிடுவார் என்று காத்திருந்ததில் விரிப்பை மாற்றவில்லை. மாற்றுவதற்குப் பழையதும் இல்லை, சலவைக்காரர் திங்கட்கிழமை கொண்டுபோனவை இன்னும் திரும்பி வரவில்லை. வாட்டு உதவியாளிடம், "கட்டில் குழம்பாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னேன். புரட்டவேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தவளுக்கு அது புரட்டவேண்டாம் என்றே கேட்டிருக்கிறது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டியது நாலு மணியாகி, ஆறு மணியாகிவிட்டது. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் தெரியவேண்டி வரும் என்ற பயம் உள்ளுக்குள் எங்கோ இருந்திருக்கவேண்டும். அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, குறை என்னுடையது.

சனிக்கிழமை பெரிய டொக்டர் வந்தார். வாட்டில் பத்து நிமிஷம் நின்றார். ஒரு கட்டிலில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "நல்ல சுத்தம்" என்றார். போய்விட்டார். அலுமாரியைத் திறக்கச் சொல்லவே இல்லை.

அவர் போன கையோடு பூரணத்தைப் பக்கவாட்டில் புரட்டினேன். முதுகில் கழுத்திலிருந்து நாரிவரை தையல் பதிந்த சிவப்புக்கோடு. நாரியடியில், வால் எலும்புக்கு மேலே, நாவற்பழ நிறத்தில் ஒரு வட்டம். விரல் பட்டதும் தோல் விலகியது.

"என்ன மிஸ்ஸி, பேசாமல் நிக்கிறியள்?" என்றாள், முகம் அந்தப் பக்கம்.

"ஒண்டுமில்லை."

"விரிப்பு நனைஞ்சிட்டுதோ?"

"ஓம்" என்றேன்.

அன்று பின்னேரமே சலவைக்காரர் வீட்டுக்கு நடந்து போனேன். எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சாதியார் வீட்டுப் படலையைத் தாண்டியது கிடையாது. அவர் முற்றத்தில் கயிற்றில் எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய விரிப்பு நாலு காய்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை கொண்டுபோன மூட்டையில் இருந்தவை, அதனால் நான் கிழிக்கத் தப்பியவை. நான் வாயைத் திறக்கமுன் அவர் என் முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டார்.

"வந்திட்டுதோ மிஸ்ஸி?"

"வந்திட்டுது. இந்த நாலையும் தாங்கோ" என்றேன். தாரும் என்று இல்லாமல் அவரிடம் தாங்கோ என்று என் வாயில் வந்தது அன்றுதான் முதல்தடவை.

அவர் நாலையும் மடித்துத் தந்தார். மன்னிப்புக் கேட்டு நான் சொல்லியிருக்கக்கூடிய ஒரு சொல்லும் அன்று சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு கிழமை, கோடை உச்சத்தில், அந்த நாலு விரிப்பையும் அவர் மாறிமாறித் தோய்த்தார். நல்ல தண்ணிக் கிணற்றடியில் குடிக்கவே தண்ணீர் போதாமல் ஆட்கள் சண்டை பிடித்த காலம், துணி தோய்க்க விடமாட்டார்கள். இரண்டு வாளி கெஞ்சி வாங்கிச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அலசினாராம். நான் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்று நானே புரட்டினேன், நானே கழுவினேன். எப்படியாவது புண்ணை ஆற்றிவிடலாம் என்று நினைத்தேன். புண் மேலே சுருங்குவது மாதிரிப் போக்குக் காட்டிவிட்டு உள்ளே போனது.

ஐந்தாம் கிழமை கடல் கொஞ்சம் விட்டபோது கணபதி வந்தார். வெளி விறாந்தையில் வைத்துச் சொன்னேன், முதுகில் புண் வந்துவிட்டது என்று. எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் கேட்கவில்லை. "படுத்த படுக்கையாக் கிடந்தால் வாறதுதானே மிஸ்ஸி. நீங்கள் என்ன செய்யிறது" என்றார். நான் தலையாட்டினேன். அவர் நீட்டிய நெய்ப்போத்தலைக் கையில் வாங்கியபோது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

காய்ச்சல் தொடங்கியபின் பூரணம் ஓலையைத் தொடவில்லை. ஒருநாள் விரிப்பு மாற்றும்போது கேட்டாள்: "மிஸ்ஸி, அண்டைக்கு அந்த மூலையிலை மஞ்சள் பூசியிருந்தால் இது வந்திராது, என்ன?"

மஞ்சள் இல்லை, தையல், பசை, நான். மூன்றே சொல்தான். மூடநம்பிக்கை என்று அவளுக்குப் பிரசங்கம் செய்தவள்தானே நான்? அந்த நேரத்தில் அந்த நம்பிக்கை எனக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடமாகத் தெரிந்தது.

"இருக்கும்" என்றேன்.

"பரவாயில்லை. நீங்கள் தெரியாமல் செய்தனீங்கள்" என்றாள்.

ஒரு மத்தியானம் அவள் போய்விட்டாள். கணபதி இரண்டு நாள் முன்னரே வந்து நின்றார், ஆனால் போர்வைக்குள் கிடந்தவளுக்குக் கீழே என்ன விரிப்பு என்று அவர் கவனித்திருக்கவில்லை. குளிப்பாட்டித் துடைத்து, அந்த நாலு விரிப்பில் மிக மெத்தென்று இருந்ததைக் கீழே போட்டுக் கிடத்தினேன். என்னால் அவளுக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று பட்டது. மூன்று இடத்தில் ஒட்டுப்போட்ட விரிப்பு அது.

கணபதி உள்ளே வந்து மனைவியைப் பார்த்தார். பிறகு விரிப்பைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தார், எல்லாம் வெள்ளை. திரும்பவும் ஒட்டுப்போட்ட விரிப்பைப் பார்த்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆளே அல்ல. அப்போதும் சத்தம் போடவில்லை.

"மிஸ்ஸி, இவ்வளவு நாளும் இவ உந்தக் கந்தலிலையோ கிடந்தவ?"

அவர் பக்கத்துக் கட்டில்களைக் கையால் காட்டினார்.

"அங்காலை எல்லாருக்கும் புதுசு போட்டிருக்கிறியள். நாங்கள் நெடுந்தீவார் எண்டோ? அவ கேக்கமாட்டா. அவ ஒண்டும் கேக்கிற ஆள் இல்லை. ஒரு நாளைக்கு எண்டாலும் ஒரு நல்ல விரிப்பிலை கிடத்தியிருக்கலாமே."

வாசலில் சலவைக்காரர் அன்றைய மூட்டையோடு நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. "தம்பி, அது..." என்று வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் நிறுத்திக்கொண்டார். தோய்க்கிற வேலையைப் பாரும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

பழைய விரிப்பு ஏன் நல்லது என்று கணபதிக்குச் சொல்வதானால் புதியது என்ன செய்தது என்று சொல்லவேண்டும். மூன்று நாள், நாலு நாள், தையல், பெரிய டொக்டர், எல்லாம் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. திரும்பி அலுமாரியைத் திறந்தேன். மடிப்புக் கலையாத ஒரு புது விரிப்பை எடுத்தேன். உதறியபோது பசை மொடமொடவென்று சத்தம் போட்டது. சலவைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார்.

உதவியாளும் நானும் பூரணத்தைத் தூக்கி, பழைய விரிப்பை உருவிவிட்டுப் புதியதில் கிடத்தினோம். தையல் சரியாக நடுவில் வந்தது. மூலையில் மஞ்சள் பூசலாமா என்று ஒரு கணம் கை போனது. மஞ்சள் உயிரோடு இருப்பவர்களின் புதுத்துணிக்கு. நிறுத்திக்கொண்டேன்.

கணபதி முகம் கொஞ்சம் ஆறியது. "பெரிய உபகாரம் மிஸ்ஸி. கோவத்திலை ஏதோ கதைச்சிட்டன், மனசிலை வைச்சுக்கொள்ளாதையுங்கோ" என்றார்.

அந்த விரிப்போடேயே அவளை வள்ளத்தில் ஏற்றினார்கள். நான் துறைவரை போனேன். வள்ளத்தில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

கணபதியை அதற்குப் பிறகு நான் காணவில்லை. சலவைக்காரரோடு இன்னும் எட்டு வருஷம் வேலை செய்தேன், நீங்கள் என்றுதான் கூப்பிட்டேன். அவர் அந்த நாளைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. நானும் கதைக்கவில்லை. இப்போது அவரும் இல்லை. கணபதிக்குச் சொல்லவேண்டியிருந்ததை உங்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்குச் சொல்வதால் எனக்குப் பாரம் குறையவில்லை.

நீங்கள் தந்த இரண்டு விரிப்பையும் இதுவரை ஆறுதரம் தோய்த்துவிட்டேன். இன்னும் கட்டிலில் போடவில்லை. கோபிக்காதீர்கள், இன்னும் நாலு தோய்ப்பு இருக்கிறது.

அடுத்த மாதம் உங்களுக்குப் புது விரிப்பு வருகிறது என்று கேள்விப்பட்டேன். யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் வரட்டும், எழும்பமுடியாதவரின் கட்டிலில் பழையது கிடக்கட்டும். தோய்க்கிறவர் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். நோயாளி கோடி என்று சொன்னால், எடுத்துவிடுங்கள். எடுக்கவே முடியாத நிலைமை என்றால், மஞ்சள் கேட்டால் பூசிவிடுங்கள். அந்தக் கறை இரண்டு தோய்ப்பில் போய்விடும்.